பெரிய சுருட்டைப் பற்றவைக்கும் நாள்

சோமனூரில் ஒரு தறிக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தபோது ஸ்டீபனின் போன் வந்தது. பைஜாமா ஆர்டருக்கான நெசவுத் துணியைப் பார்க்கப் போயிருந்தேன். தறிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. வெளியே வந்து சத்தமாகச் சொல்லச் சொன்னேன். ஸ்டீபன் எங்கள் கம்பெனியின் லைன் சூப்பர்வைசர். கண்டெய்னர் கிளம்புகிற நேரத்தில் நூறு பீஸ் குறைந்தாலும் பதறாமல் சொல்கிற ஆள். அன்றைக்கு அவன் குரல் சரியாக இல்லை.

"அண்ணா, அண்ணன் உக்காந்துட்டாருங்க."

"எங்கே?"

"செக்கிங் டேபிளுக்குப் பக்கத்துலீங்க. சும்மா உக்காந்துட்டாருங்க. கூப்புட்டா நிமிந்து பாக்கறாரு, எந்திரிக்க மாட்டேங்கறாரு."

அண்ணன் என்றால் வேலுச்சாமி. வேறு யாரைப் பற்றி இப்படிச் சொல்லியிருந்தாலும், உட்கார்ந்தால் உட்காரட்டும், அதற்கு ஒரு போனா என்று எரிந்து விழுந்திருப்பேன். உடனே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னேன். நான் திருப்பூர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வேலுச்சாமியை அறிந்தவர்களுக்கு, ஸ்டீபன் ஏன் பயந்தான், நான் ஏன் பயந்தேன் என்று விளக்க வேண்டியதில்லை. பகல் வேளையில், கையில் சுருட்டு இல்லாமல், அந்த மனிதர் உட்கார்ந்து நாம் யாரும் பார்த்ததில்லை.

நம் தொழில் சங்க மலருக்கு இதை எழுதுவதற்கே எனக்குப் பொறுமை இல்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து ஜன்னல் பக்கம் போகிறேன், கீழே லாரி நிற்கிறதா என்று பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். துக்கம் என்றால் ஓரிடத்தில் முடங்கிக் கிடப்பது என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு அது காலில் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. வேலுச்சாமி எனக்கு ஒரு பதில் பாக்கி வைத்துவிட்டுப் போனார்.

நாங்கள் இருவரும் பங்குதாரர்கள். அவர் அவிநாசிப் பக்கத்துக்காரர். நான் திருநெல்வேலியிலிருந்து வந்தவன். உற்பத்தி அவர் பொறுப்பு, வெளிநாட்டிலிருந்து வாங்குகிற பையர்கள் என் பொறுப்பு. ஊரும் வேறு, உறவும் வேறு என்றாலும் அவர் என்னைப் பங்காளி என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதும் அதே மரியாதைதான். "உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்குதுங்களா பங்காளி" என்று அவர் கேட்டால், கேட்கிறவர்களுக்கு அது நலம் விசாரிப்பதுபோல இருக்கும். பதிலுக்கு நான், "நீரு மட்டும் என்ன வே கிழிச்சீரு" என்று கத்துவேன். இந்தச் சத்தத்தை வைத்துத்தான் கம்பெனி நல்லபடி ஓடுகிறது என்று டெய்லர்கள் தெரிந்துகொள்வார்களாம்.

போன வருஷம் அமெரிக்காவில் வங்கிகள் விழுந்ததிலிருந்து ஆர்டர் சுருங்கியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு டாக்காவிலிருந்து ஒரு வேலைக்கு அழைப்பு வந்தது. போய்விடலாம் என்று முடிவு செய்தேன். நான் போனால் பையர்களும் என்னோடு வந்துவிடுவார்கள். வேலுச்சாமியால் தனியாகக் கம்பெனியை நடத்த முடியாது, மூடத்தான் வேண்டும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மார்கழியில் ஒரு காலை, துணி விரித்த டேபிளுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் நிற்கும்போது சொன்னேன். அவர் துணியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"இது நின்னுட்டுப் பேசற விசயமில்லீங்க பங்காளி. அந்தப் பெருசைப் பத்த வைக்கற அன்னைக்குப் பேசிக்கலாமுங்க."

பெருசு என்று அவர் சொன்னது ஒரு சுருட்டை. நாங்கள் பேசிக்கொள்ளாமலேயே போன அந்தப் பேச்சைச் சொல்வதற்கு முன், சுருட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஆரம்பத்தில் வேலுச்சாமி பிடித்தது பெட்டிக்கடையில் விற்கும் ஒல்லிச் சுருட்டு. சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. துணி பின்னும் நிட்டிங்கிலிருந்து சாயம் போடும் டையிங்குக்குப் போகிற வழியில், பைக்கை ஓட்டிக்கொண்டே பிடித்து முடித்துவிடுவார். அவர் அதை ரசித்தார் என்று சொல்ல மாட்டேன். பெட்ரோல் போடுகிறவர்கள் பெட்ரோலை ரசிப்பதில்லை. ஒருமுறை வாங்கி இழுத்துப் பார்த்தேன்; நாக்கு வெந்துபோயிற்று. "என்ன வே இது, கொள்ளிக்கட்டையைக் கடிச்ச மாதிரி இருக்கு" என்றேன். "சுருட்டுன்னா காரமாத்தானுங்க இருக்கோணும், பாயசமுங்களா" என்றார். சாப்பிடுவதும் நின்றுகொண்டுதான். ஆபீஸில் அவருக்கென்று வாங்கிப்போட்ட நாற்காலியைச் செக்கிங் செக்சனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்த அதே வேகத்தில் வாசலுக்கு வந்துவிடுவார். சரஸ்வதியம்மா, அவருடைய மனைவி, பின்னாலேயே செருப்பைத் தேடிக்கொண்டு ஓடி வருவார்.

ஏற்றுமதிக் கோட்டா முடிவதற்கு முந்தைய வருஷம் டென்மார்க்கிலிருந்து ஹென்ரிக் என்ற பையர் வந்தார். வயதானவர், நிதானமானவர், எங்கள் இருவருக்கும் சுத்தமாகப் பொருந்தாத ஆள். வேலுச்சாமி சுருட்டுப் பிடிப்பார் என்று யார் சொன்னார்களோ, ஒரு மரப்பெட்டியைப் பரிசாகக் கொண்டு வந்திருந்தார். திறந்தால் ஐந்து சுருட்டுகள், ஒன்றுபோல் ஒன்று இல்லை. கட்டைவிரல் மாதிரி குட்டையாய்த் தடித்தது ஒன்று. பென்சில்போல் ஒல்லியாய் நீண்டது ஒன்று. நடுத்தரமாய் ஒன்று. ஒருபக்கம் மட்டும் கூம்பிப்போனது ஒன்று. ஓரத்தில் எல்லாவற்றையும்விட நீளமாய், தடிமனும் குறையாமல், ஒரு பெரிய சுருட்டு.

"சைஸ் செட் மாதிரி இருக்குதுங்களே" என்றார் வேலுச்சாமி. ஒரு சட்டையை எல்லா அளவிலும் ஒவ்வொன்று தைத்துப் பையருக்கு அனுப்புவோமே, அதுதான் சைஸ் செட். அவர் கண்ணுக்கு அப்படித்தான் பட்டது.

நான் அதை மொழிபெயர்த்ததும் ஹென்ரிக் சிரித்தார். ஐந்தும் ஒரே தோட்டத்துப் புகையிலை, ஆனால் ஒவ்வொன்றின் ருசியும் வேறு என்றார். இதைத் தமிழில் சொன்னதும் வேலுச்சாமியின் முகம் மாறிவிட்டது. அவர் ஏமாற்றப்படுவதாக நினைத்தார்.

"ஒரே இலைன்னா ஒரே ருசிதானுங்க வரோணும். மீடியம் ஒரு ஷேடு, லார்ஜ் ஒரு ஷேடுன்னு நாம அனுப்புனா இவரு எடுத்துக்குவாருங்களா? ரிஜக்டு பண்ணிப்போடுவாரில்லீங்க? கேளுங்க பங்காளி."

கேட்டேன். ஹென்ரிக் கோபித்துக்கொள்ளவில்லை. மேலே சுற்றுகிற இலை ஒன்று, உள்ளே நிரப்புகிற இலைகள் வேறு என்றார். ஒல்லிச் சுருட்டில் உள்ளே இடம் குறைவு. அதனால் மேல் இலையின் ருசிதான் தூக்கலாகத் தெரியும், புகையும் சீக்கிரம் சூடாகிவிடும். தடித்ததில் பல வகை இலைகளைச் சேர்த்து நிரப்பலாம், புகை குளிர்ச்சியாக வரும், ருசி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். கூம்பு முனையில் புகை ஒடுங்கி வருவதால் ருசி நாக்கில் ஒரே இடத்தில் விழும். முனையை எவ்வளவு நறுக்குகிறோமோ அதற்குத் தக்கபடி அது மாறும். நீளமானது தொடக்கத்தில் மிகச் சாதுவாக இருக்கும், நெருப்பு உதட்டை நெருங்க நெருங்கக் காரம் ஏறும். கடைசியில் ஒன்று சொன்னார். எதையும் அவசரமாக இழுக்கக் கூடாது. இழுத்தால் எந்தச் சுருட்டும் ஒரே ருசிதான், கசப்பு.

அந்தக் கடைசி வாக்கியத்தை மொழிபெயர்த்தபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. வேலுச்சாமி நம்பவில்லை. "வெள்ளைக்காரரு கதை விடறாருங்க" என்று சொல்லிப் பெட்டியை மூடினார். மூடியதோடு நிற்கவில்லை. மழைக்காலம் வருகிறதே, சுருட்டுக்கு ஈரம் ஏறிவிடக் கூடாதே என்று, எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டிகளில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அள்ளி அந்தப் பெட்டிக்குள் திணித்தார். பாலிதீன் பையில் சுற்றி டேப்பும் ஒட்டி பீரோவில் வைத்தார். துணிக்கு எது நல்லதோ அது உலகத்தில் எல்லாவற்றுக்கும் நல்லது என்பது அவருடைய எண்ணம். இந்த ஊரில் பாதிப் பேருக்கு அதே எண்ணம்தான். அடுத்த ஷிப்மெண்ட்டுக்கு வந்த வேறொரு பையர் பார்த்துவிட்டு, பேக்கிங் பிரமாதம் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

ஐப்பசியில் திறந்தோம். தடித்த சுருட்டைக் கையில் எடுத்ததும் மேல் இலை அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒல்லியைப் பற்றவைத்தார், வைக்கோல் போரில் தீப்பிடித்ததுபோல எரிந்து போனது. நான் சிரித்த சிரிப்பில் அவருக்கு என்மேல் இரண்டு நாள் கோபம். ஹென்ரிக்குக்கு மெயில் அனுப்பிக் கேட்டேன். சுருட்டு காய்ந்துபோவதுதான் ஆகாது, ஈரப்பதம் வேண்டும் என்று பதில் வந்தது. வேலுச்சாமி கட்டிங் செக்சனுக்குப் போனார். பனியன் வேஸ்ட் துண்டுகளை நனைத்து, ஒட்டப் பிழிந்து, ஒரு எவர்சில்வர் டப்பாவின் அடியில் பரப்பி, மேலே பிளாஸ்டிக் சல்லடை வைத்து, அதன்மேல் மிச்சமிருந்த மூன்றையும் படுக்க வைத்து மூடினார். அதன்பிறகு அந்த டப்பாவில் துணி காய அவர் விட்டதே இல்லை.

சில வாரம் கழித்து நடுத்தரச் சுருட்டைப் பிடித்துப் பார்த்த அன்று, அவர் நேராக நிட்டிங் மிஷினிடம் போய் நின்றார். சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"பங்காளி, நான் சைஸுன்னு பாத்தனுங்க, தப்பு. இது டயாவுங்க. ஒரே நூலுதான், டயாவும் கேஜும் மாத்துனா துணியோட ஃபீல் மாறுதில்லீங்களா? அந்தக் கதைதானுங்க இது. வெள்ளைக்காரரு சரியாத்தான் சொல்லியிருக்காரு."

டயா என்றால் மிஷினின் விட்டம், கேஜ் என்றால் ஊசிகளின் நெருக்கம். மாதக்கணக்காக வாதாடியதை ஒரு நிமிஷத்தில் விட்டுக்கொடுப்பது அவருக்கு எளிது. தோற்றுவிட்டோம் என்ற நினைப்பே இருக்காது. எனக்கு அந்தக் குணம் கிடையாது.

ஆனால் டயாவைப் புரிந்துகொண்டதில் அவருக்கு ஒரு தொல்லை வந்து சேர்ந்தது. பெட்டிக்கடைச் சுருட்டைவிடத் தடித்த இந்தச் சுருட்டுகளை நடந்துகொண்டே பிடிக்க முடியவில்லை. நடந்தால் மூச்சு வாங்குகிறது, மூச்சு வாங்கினால் வேகமாக இழுக்கிறார், இழுத்தால் சூடாகிக் கசந்துவிடுகிறது. பைக்கில் பிடித்தால் காற்றே பாதியைத் தின்றுவிடுகிறது. நின்று பார்த்தார், நின்றால் கால் தானாக எங்காவது கிளம்பிவிடுகிறது. வேறு வழியில்லாமல் கம்பெனி மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், நூல்கோன் வந்த ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததை நான் முதலில் பார்த்தது அப்போதுதான். ஒரு காலை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தார். சுருட்டு பாதி ஆனபோது கால் நின்றது.

விஷயம் பரவிவிட்டது. அவரிடம் நின்று கேட்டால் எதற்கும் "பாக்கலாமுங்க" என்ற பதில்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் முழுதாகக் கேட்டுப் பதில் சொன்னார். ஸ்டீபன் மாடிப்படியில் நின்று, "இன்னைக்கு எந்த சைஸுங்க?" என்று என்னைக் கேட்பான். குட்டை என்றால் லீவு கேட்கிறவர்கள் மட்டும் மேலே போவார்கள். நடுத்தரம் என்றால் லைனில் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு அவனே போவான். பீகாரிலிருந்து வந்த பையன்கள்கூட "படா வாலா?" என்று, அதாவது பெருசா என்று, கேட்கக் கற்றுக்கொண்டார்கள். ஹென்ரிக் ஒவ்வொரு சீசனுக்கும் சில சுருட்டுகள் கொண்டு வந்தார். அவருக்கு இது ஏதோ ரசனைப் பகிர்வு. எங்களுக்கு அது நிர்வாகம்.

அந்தப் பழைய பெட்டியின் பெரிய சுருட்டை மட்டும் வேலுச்சாமி தொடவில்லை. ஹென்ரிக்கிடம் அது எவ்வளவு நேரம் எரியும் என்று கேட்டார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் என்றதும், கையிலிருந்ததை மெதுவாக டப்பாவில் திரும்ப வைத்தார். "அவ்வளவு நேரம் பேசறதுக்கு என்னங்க இருக்குது" என்றார்.

பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தச் சொன்னார். வேலுச்சாமி அவரிடம் பையரிடம் பேரம் பேசுவதுபோலப் பேசினார், டாக்டர் மசியவில்லை. வீட்டில் சரஸ்வதியம்மா பெட்டிக்கடைச் சுருட்டுகளைச் சாக்கடையில் கொட்டினார். அவற்றை வேலுச்சாமி அதோடு விட்டுவிட்டார், நான் சாட்சி. ஆனால் டப்பாவை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்று மட்டும் என்று மனைவியிடம் கெஞ்சி வாங்கினார். அவர் சம்மதித்த மறு ஞாயிறே, இருப்பதில் நீளமானதாக ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டு மாடிக்குப் போனார். அந்தப் பழைய பெருசு அல்ல, அதற்கு அடுத்தது.

"ஒண்ணுன்னுதானுங்க சொன்னா. நீளம் சொல்லலீங்களே" என்று திங்கட்கிழமை என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீரு செத்துப் போவீரு வே" என்றேன். "எல்லாரும்தானுங்க" என்றார்.

சாவு வீட்டில் ஒருவர், சுருட்டுதான் ஆளை முடித்துவிட்டது என்று என் காதுபடச் சொன்னார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அவர் சொன்னது பொய் என்பதால் அல்ல. டாக்டரும் அதைத்தான் சொன்னார், நானும் அதைத்தான் சொல்லியிருந்தேன். ஆனால் இருபது வருஷம் நின்றதும் ஓடியதும், நின்றபடி விழுங்கிய சோறும், ஷிப்மெண்ட் தேதிகளும் அந்த நெஞ்சில் கணக்கு வைக்கவில்லையா? இந்த ஊரில் எத்தனையோ பேர் அப்படித்தான் போகிறார்கள். அவர்கள் கையில் சுருட்டு இல்லாததால் நாம் யாரையும் குற்றம் சொல்வதில்லை.

மார்கழியில் நான் விலகுவதாகச் சொன்னேன் அல்லவா. அதன்பிறகு ஒவ்வொரு திங்களும் அவர் முகத்தைப் பார்ப்பேன். "நேத்து பத்த வச்சீரா?" என்பேன். "இல்லீங்க, நேத்து வேற ஒண்ணுதான். அடுத்த வாரம் பாக்கலாமுங்க" என்பார். தையில் கேட்டேன். மாசியில் கேட்டேன். டாக்காவிலிருந்து போன் மேல் போன். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு சுருட்டைப் பற்றவைக்க இந்த மனிதருக்கு என்ன கேடு என்று ஸ்டீபனிடம் கத்தினேன். முடியாது என்றால் முடியாது என்று சொல்லட்டும், போ என்றால் போ என்று சொல்லட்டும். இரண்டும் இல்லாமல் என்னை நடுத்தெருவில் நிறுத்திவைத்தார். அதே நிலையில் என்னை விட்டுவிட்டுத்தான் பங்குனியில் செக்கிங் டேபிள் ஓரத்தில் உட்கார்ந்தார்.

காரியம் முடிந்த மறு ஞாயிறு சாயங்காலம் சரஸ்வதியம்மா என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். நான் போனபோது மாடியில் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன. நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் எவர்சில்வர் டப்பா, தீப்பெட்டி. அவர் டப்பாவைத் திறந்தார். அடியிலிருந்த பனியன் துணி ஈரமாக இருந்தது. வேலுச்சாமி போன பிறகும் யாரோ அதை நனைத்துப் பிழிந்து வைத்திருக்கிறார்கள். பெரிய சுருட்டு மட்டும் தனியாகக் கிடந்தது.

"பத்த வைங்கண்ணா" என்றார்.

"என்னத்துக்கும்மா இது? உங்களுக்குத்தான் இந்தப் புகை ஆகாதே."

"ஆகாதுதானுங்க. நான் காத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். நீங்க அவிங்ககிட்ட பேசோணும்னு இருந்ததை என்கிட்டப் பேசுங்க. கம்பெனியில இப்ப அவிங்க பங்கு என்னோடதுதானுங்களே."

எனக்கு ஒரு ஓட்டம் எடுத்தால் தேவலை என்றிருந்தது. முனையை நறுக்கி, பற்றவைத்தேன். ஹென்ரிக் சொன்னது ஞாபகம் வந்தது, மெதுவாக இழுத்தேன். புகை வாயில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குச் சாதுவாக இருந்தது. வறுத்த கடலையின் தோல் வாசனை மாதிரி ஏதோ ஒன்று. அது எரிய எரிய நான் ஆர்டர் நிலவரத்தைச் சொன்னேன். டாக்கா வேலையைச் சொன்னேன். நான் போனால் கம்பெனி என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பாதி வழியில் ருசி மாறியது. கருப்பட்டிக் காப்பியின் அடி மண்டி மாதிரி ஒரு இனிப்பும் கசப்பும். எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டது. சுருட்டு தீரவில்லை. எழுந்திருக்கவும் முடியவில்லை. இவ்வளவு நீளத்துக்கு இதைச் செய்தது இதற்காகத்தானோ என்று தோன்றியது.

அப்போதுதான் சரஸ்வதியம்மா பேச ஆரம்பித்தார்.

"கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவிங்க என்கூட உக்காந்து பேசுனதே இல்லீங்கண்ணா. அந்த டாக்டர்கிட்டப் போய்ட்டு வந்த பொறவுதான், ஞாயித்துக்கெளம மாடிக்கு வந்து இதைப் பத்த வைப்பாங்க. மொதல்ல சண்டை போடத்தான் நான் மேல வந்தனுங்க. ஆள் உக்காந்திருக்கறதைப் பாத்து நானும் உக்காந்துட்டேன். இது எரியற வரைக்கும் என்கூட இருப்பாங்க. ஒல்லியா ஒண்ணை எடுத்துட்டு வந்தா எனக்கு ஆங்காரமா வரும். இது அவிங்க உடம்புக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சும் பெருசா ஒண்ணை எடுங்கன்னு நானே சொல்லியிருக்கேனுங்க."

சொல்லிவிட்டு அழுதார். நான் சுருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெருப்பு நெருங்கிவிட்டது, புகை சூடேறி, மிளகைக் கடித்ததுபோல் நாக்கில் எரிந்தது.

"நீங்க போறேன்னு சொன்னதையும் இங்க உக்காந்துதானுங்க சொன்னாங்க. அப்பப் பெருசை எடுங்க, அண்ணனைக் கூப்புட்டுப் பேசி முடிங்கன்னேன். மாட்டேன்னுட்டாங்க. அதைப் பத்த வச்சா கடைசி வரைக்கும் உக்காரோணும், உக்காந்தா பங்காளி சொல்றதுல நாயம் இருக்கறது எனக்குத் தெரிஞ்சுபோகும், சரீங்கன்னு சொல்லிப் போடுவேன், அப்புறம் அவரு போயிருவாருன்னாங்க. வாராவாரம் இந்த டப்பாவைத் தொறப்பாங்க, அதை ஓரமாத் தள்ளி வச்சுட்டு வேற ஒண்ணை எடுத்துக்குவாங்க."

அவர் பாக்கி வைத்த பதில் அதுதான். மூன்று மாதம் நான் திட்டிக்கொண்டிருந்தது, தன்னால் மறுக்க முடியாது என்று தெரிந்து என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த ஒரு மனிதரை. சாவு வீட்டில் வராத அழுகை எனக்கு அங்கே வந்தது. புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லலாம். சொல்லப்போவதில்லை.

கடைசித் துண்டை அணைக்கக் கூடாது, கீழே வைத்துவிட்டால் தானாக அணையும் என்று ஹென்ரிக் சொல்லியிருந்தார். தட்டில் வைத்தேன். அணைந்தது. இருவரும் எழவில்லை. கீழே தெருவில் ஒரு கம்பெனி வேன் வந்து ஆள்களை இறக்கிவிட்டுப் போயிற்று. சரஸ்வதியம்மா என்னிடம் இருங்கள் என்றும் கேட்கவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. நாளை காலை எத்தனை மணிக்குக் கம்பெனியைத் திறப்பீர்கள் என்று மட்டும் கேட்டார். அவரும் வருவாராம்.

வேலுச்சாமியின் டப்பா சரஸ்வதியம்மாவிடமே இருக்கிறது. நான் கேட்டு வாங்கிக்கொண்டது வேறு. தொட்டி நிழலில் கிடந்த அந்தக் கோன் பெட்டி இனி என்னுடையது. மறுநாள் காலை, மிஷின்கள் தொடங்குவதற்கு முன், மாடிக்குப் போய் அதன்மேல் உட்கார்ந்தேன். கையில் சுருட்டு இல்லை. டாக்காவுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டு, எழாமல் அப்படியே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்டீபன் படியேறி வந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது.

"அண்ணா, என்னுங்கண்ணா உக்காந்துட்டீங்க?"

"ஒண்ணுமில்ல ஸ்டீபன். சும்மாத்தான் உக்காந்திருக்கேன். கீழே போய் மிஷினை ஓட்டச் சொல்லு."